இன்னைக்கு வேணாம் தம்பி!

ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்றைக் காசு சேர்த்து வாங்கிவிட்ட பையன் முதலில் எங்கே ஓடுவான்?

செங்கல்பட்டுப் பையன் என்றால் மாமல்லபுரத்துக்குத்தான். திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியை விட்டால் சுமார் 30 கிலோமீட்டர். அகலமான மணல், தலைக்கு மேல் மின்கம்பி கிடையாது, எதிரே கடல். இதைவிட நல்ல இடம் உண்டா என்று தோன்றும். பின் சீட்டில் நண்பன் அட்டைப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போய்ச் சேரும்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி.

தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது.

பகலில் வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மேலே எழும்பும் காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். நாலு மணிக்குக் கரையில் நல்ல வேகம் இருக்கும். நண்பன் விமானத்தைக் கையால் வீசுகிறான். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு ஜிவ்வென்று ஏறுகிறது. இருவரும் கத்துகிறார்கள். பையன் அதைத் திருப்புகிறான். இப்போது விமானம் அவனைப் பார்த்து வருகிறது, அதுவும் காற்று முதுகில் தள்ள இரண்டு மடங்கு வேகத்தில். அவன் குச்சியை வலது பக்கம் தள்ளுகிறான். விமானம் தன்னுடைய வலது பக்கம் திரும்புகிறது, அதாவது அவனுடைய இடது பக்கம். பதறி இன்னும் வலதாகத் தள்ளுகிறான்...

முழுக் கதையும் இருபது வினாடியில் முடிந்துவிடும். விமானம் ஒன்று கடலில் விழும், அல்லது சவுக்குத் தோப்பில் விழும், அல்லது சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் நடுவில் விழும். முதல் இரண்டு என்றால் பணம் போச்சு, அவ்வளவுதான். மூன்றாவது என்றால்?

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கிலோ எடையுள்ள விமானம் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 400 ஜூல். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஆறேழு மாடி உயரத்திலிருந்து தலையில் போடுவதற்குச் சமம். இதோடு முன்னால் சுழலும் புரொப்பெல்லரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ரிமோட் ஹெலிகாப்டர் விடுவதில் நல்ல கைத்திறன் உள்ள 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய ஹெலிகாப்டரே தலையில் அடித்து இறந்துபோனார். கற்றுக்குட்டிக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க இடமில்லை.

அந்த நாலு மணிக்குப் பையன் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். "இன்னைக்கு வேணாம் தம்பி. காத்து அதிகமா இருக்கு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வா" என்று சொல்ல ஒரு ஆள்.

கிளப் என்பது அந்த ஆள்தான். மிச்சமெல்லாம் அப்புறம்.

கிளிப் மாட்டிய பலகை

நல்ல ஃப்ளையிங் கிளப்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பட்டியல் சுலபமாக வரும். நீளமான ஓடுபாதை, நிழலுக்குக் கொட்டகை, பேட்டரி சார்ஜ் பண்ண மின்சாரம், நாலு பெரிய விமானம், வாரம் ஒரு பிரியாணி :-) இவை எல்லாம் இருந்தும் உருப்படாத கிளப் இருக்கலாம். இவை எதுவுமே இல்லாமல், புல் வெட்டிய ஒரு துண்டு நிலத்தில் பிரமாதமான கிளப்பும் இருக்கலாம்.

இந்தப் பொழுதுபோக்கின் பழைய காலத்தைப் பார்த்தால் காரணம் புரியும். டிரான்ஸ்மிட்டர்கள் முன்பெல்லாம் ஒரு குறிப்பிட்ட சேனலில் மட்டும் வேலை செய்தன. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் என்று ஒதுக்கப்பட்ட அலைவரிசைக்குள் எண் போட்ட சேனல்கள். ஒரே சேனலில் இரண்டு பேர் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தால், மேலே பறந்துகொண்டிருப்பவரின் விமானம் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தரைக்கு வந்துவிடும். ஆன் செய்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஓரமாக உட்கார்ந்து "சும்மா செக் பண்ணேன்" என்றாலும் அடுத்தவரின் ஆறு மாத உழைப்பு காலி.

இதற்குக் கிளப்புகள் கண்டுபிடித்த வழி ஒரு மரப்பலகை. அதில் சேனல் எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒரே ஒரு கிளிப். அந்தக் கிளிப் கையில் இருப்பவர்தான் அந்தச் சேனலை ஆன் செய்யலாம். பறந்து முடித்ததும் திருப்பி மாட்டிவிட வேண்டும். தலைவரானாலும் நேற்று சேர்ந்தவரானாலும் கிளிப் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

2000-களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்தன. ஒவ்வொரு ரிசீவரும் தன்னுடைய டிரான்ஸ்மிட்டரை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளும். சேனல் சண்டை ஒழிந்தது, பலகையும் மெல்ல மறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பாருங்கள், அந்தப் பலகை இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்திருந்தது. ஆன் செய்வதற்கு முன்னால் சுற்றும்முற்றும் பார்த்து "இப்போ எடுக்கலாமா?" என்று கேட்க வேண்டும் என்கிற பழக்கம். பலகையோடு சேர்த்து அந்தப் பழக்கத்தையும் தூக்கிப் போட்ட கிளப்பில் பத்துப் பேர் சேர்ந்து நிற்பார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் பறப்பார்கள்.

இந்த ஊர் வானம்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவானது. ரிமோட் விமானம் விடுகிறவர் கண்ணால் இந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம். அதற்குப் பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படை நிலையம். அங்கே விமானப் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தரும் பள்ளியே இருக்கிறது. தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். நடுவில் யுனெஸ்கோ 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்கு மேலே எதையாவது பறக்கவிட்டால் தொல்லியல் துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

சட்டம் இந்தப் பொழுதுபோக்குக்கு எதிரி இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளில் மாடல் விமானத்துக்கென்று தனி வரையறையே உண்டு. 25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்ற காரியங்களுக்காக, கண்ணுக்கு எட்டும் தூரத்தில், முன்கூட்டியே எழுதி வைத்த பாதை இல்லாமல், கையால் ஓட்ட வேண்டும். இப்படிப்பட்டதற்கு வகைச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்பதற்கு வான்வெளி வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறது. பச்சைப் பகுதியில் பொதுவாக 400 அடி வரை. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கிட்டே போகக் கூடாது.

தனி ஆளாக இருக்கும் பையன் இந்த வரைபடத்தைப் பார்க்க மாட்டான். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. கிளப் அதைப் பார்த்து, இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் எல்லையைத் தரையில் கோடு போட்டே காட்டியிருக்கும்.

அடுத்தது காற்று. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் பன்னாட்டுப் பட்டத் திருவிழா நடந்தது இதே மாமல்லபுரம் கரையில்தான். பட்டத்துக்குக் காற்று வேண்டும். கற்றுக்கொள்ளும் விமானத்துக்கு அதே காற்று எமன். எனவே இந்தப் பக்கத்துக் கிளப்பின் நேரம் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைதான். கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தால் இன்னும் உத்தமம். உப்புக் காற்று மோட்டார் பேரிங்கை அரிக்கும், மணல் சர்வோவின் பல்சக்கரத்தில் புகுந்து கடிக்கும்.

நிலம் யாருடையது?

உள்ளே தள்ளி என்றால் ஏரிகள். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். கோடையில் வற்றிய ஏரியின் தரையைப் பார்த்தால் ஓடுபாதை மாதிரியே இருக்கும். ஆனால் அது சும்மா கிடக்கும் இடம் கிடையாது. அங்கே ஆடு மேயும். கரைக்கு அந்தப் பக்கம் நெல் நட்டிருக்கும். ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஏரிக்குப் பொறுப்பான அரசுத் துறை இருக்கிறது, ஊராட்சி இருக்கிறது.

நாற்றங்காலில் விமானம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஷூவோடு இறங்கி மிதித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் அடுத்த வாரம் அந்த ஊரில் கால் வைக்க முடியாது. வைக்கவும் கூடாது. ஒரே ஆள் வரப்பு வழியாகப் போய், நிலத்துக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணா, தப்பா விழுந்துடுச்சு. எவ்வளவு சேதம்னு சொல்லுங்க, குடுத்துடறோம்" என்று கேட்டால் அடுத்த முறை அவரே விமானத்தை எடுத்து வைத்திருப்பார்.

இதே மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தாகவே வாங்கி வந்தார்கள் என்பது அந்த ஊரின் வரலாறு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். துப்பாக்கி வைத்திருந்தவனிடமே "இங்கே வேண்டாம்" என்று சொன்ன ஊர் அது. வேடந்தாங்கல் 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

ரிமோட் விமான கிளப் வேடந்தாங்கலிடம் இரண்டு பாடம் படிக்கலாம். ஒன்று, வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது. இரண்டு, வேண்டாம் என்று சொல்வதற்குப் பெரிய பதவி தேவையில்லை. ஊரே சேர்ந்து சொன்னால் போதும்.

எட்டு போடத் தெரியுமா?

வேண்டாம் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் அது கிளப் இல்லை, வாட்ச்மேன் வேலை. இன்று வேண்டாம் என்று தடுத்தவருக்கு, நாளை காலை ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து நிற்கிற கடமை இருக்கிறது.

கற்றுக்கொடுக்க ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. இரண்டு டிரான்ஸ்மிட்டர்களைக் கேபிளால் இணைப்பார்கள், இப்போது கேபிள் இல்லாமலும் இணைக்கலாம். ஒன்று மாணவர் கையில், இன்னொன்று குரு கையில். குரு ஒரு பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை விமானம் மாணவர் சொல்படி பறக்கும். நிலைமை கெட்டால் குரு பட்டனை விட்டால் போதும், விமானம் அவர் கைக்கு வந்துவிடும். திட்ட வேண்டாம், பிடுங்க வேண்டாம். கடற்கரையில் இருபது வினாடியில் முடிந்துபோன அந்தப் பையனின் கதை இங்கே பத்து நிமிடம் ஓடும். அடுத்த பேட்டரியில் இன்னொரு பத்து நிமிடம்.

பிரிட்டனில் 1922 முதல் இருக்கும் மாடல் விமானச் சங்கம் 'ஏ' சான்றிதழ் என்று ஒரு தேர்வு வைக்கிறது. விமானத்தைக் கிளப்ப வேண்டும், வானத்தில் எட்டு போட வேண்டும், எஞ்சின் நின்றுபோனதாகப் பாவித்துப் பத்திரமாக இறக்க வேண்டும், கடைசியில் பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போட்டவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது! அந்தத் தேர்வில் குட்டிக்கரணம் எதுவும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆள் எவ்வளவு பெரியவர் என்பதும் இங்கே செல்லாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா அணிக்கு 2018-ல் நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்தார் ('தல' என்று கூப்பிட வேண்டாம் என்று 2021-ல் அவரே சொல்லிவிட்டார்). அந்த அணி அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ உதவி ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. நடிகரும் மாணவரும் ஒரே விமானத்தைச் சுற்றி நிற்கலாம். காற்று யாரையும் அடையாளம் தெரிந்துகொண்டு வீசுவதில்லை.

கொஞ்சம் கணக்கு

பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் புக்கானன் 1965-ல் கிளப்புகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஆள் சேரச் சேர ஒவ்வொருவருக்கும் செலவு குறையும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் நெரிசல் அந்த லாபத்தைத் தின்றுவிடும் என்பது சாரம். இதை மைதானத்தில் போட்டுப் பார்க்கலாம். காலை ஆறு முதல் ஒன்பது வரை 180 நிமிடம். ஒரு தடவை பறக்கப் பத்து நிமிடம், ஒரே நேரத்தில் மூன்று பேர் என்று வைத்தால் மொத்தம் 54 வாய்ப்புகள். உறுப்பினர்கள் 15 என்றால் ஆளுக்கு மூன்று தடவைக்கு மேல் கிடைக்கும். 40 என்றால் ஒரு தடவை கிடைத்து, இரண்டாவதற்கு அடிதடி. நெரிசலில் முதலில் சாவது பொறுமை. அடுத்தது "எடுக்கலாமா?" என்கிற கேள்வி.

ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம். பதிவு செய்தால் கணக்கு எழுத வேண்டும், பொதுக்குழு கூட்ட வேண்டும். தலைவலிதான். ஆனால் அந்தத் தலைவலி இருக்கும் இடத்தில்தான் "டேமேஜ் ஃபண்ட்" என்று ஒரு வரி கணக்கில் ஏறும். நாற்றங்காலுக்கும் அடுத்தவர் கார் கண்ணாடிக்கும் பணம் அங்கிருந்துதான் வர வேண்டும். 250 கிராம் வரையிலான நானோ வகையைத் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டையும் 2021 விதிகள் எதிர்பார்க்கின்றன. அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய மாடல் விமான அகாடமி தன் உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் வழியாகவே காப்பீடு தருகிறது. சந்தாவில் முதல் செலவு இதுவாக இருக்க வேண்டும். டி-ஷர்ட் அடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பரீட்சை

ஒரு கிளப் நல்லதா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு காலை போதும். அந்தக் காலை இப்படி இருக்க வேண்டும்.

கொட்டகை போட்டுக்கொடுத்த பெரியவர் சென்னையிலிருந்து விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். டிக்கியில் பெரிய விமானம். இருப்பதிலேயே விலை கூடியது. மணி எட்டரை. கம்பத்தில் கட்டிய காற்றுப்பை கிடைமட்டமாக நிற்கிறது, அதுவும் ஓடுபாதைக்குக் குறுக்கே. அன்றைக்குப் பாதுகாப்புப் பொறுப்பு முறைப்படி ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு.

அவன் சொல்ல வேண்டும்: "சார், இன்னைக்கு வேணாம் சார். கிராஸ் விண்ட் அதிகம்."

அடுத்த ஐந்து வினாடியில் கிளப்பின் ஜாதகம் தெரிந்துவிடும். பெரியவர் முகம் சுளிக்கலாம், அது மனித இயல்பு. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? "விடுடா, சார்கிட்டப் போய் ரூல்ஸ் பேசற" என்று யாராவது சிரித்தால் அந்தக் கிளப் அன்றைக்கே முடிந்தது. பெயர்ப்பலகை மட்டும் இன்னும் சில வருஷம் தொங்கும். ஒருவரும் சிரிக்காமல், பெரியவர் காற்றுப்பையை ஒரு தடவை பார்த்துவிட்டு டிக்கியைச் சாத்தினால், அங்கே பிள்ளையைத் தைரியமாக அனுப்பலாம்.

பையனுக்கும் இதில் பங்கு உண்டு. வேண்டாம் என்பதோடு காரணத்தையும் சொன்னான். காரணம் சொல்லாத தடை வெறும் அதிகாரம். காரணத்தைக் கேட்டுக்கொண்டவர் அடுத்த வாரம் தன் முறை வரும்போது அதே காரணத்தை வேறொருவருக்குச் சொல்வார். கிளப் அப்படித்தான் வளரும். வாக்குவாதம் இருந்தால் டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, அட்டைப் பெட்டியோடு கிளம்பிய செங்கல்பட்டுப் பையன் என்ன ஆனான்?

நல்ல கிளப் ஒன்று அவனுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை. அவன் காலையில் நாலரைக்கே எழுந்து, இருட்டில் வண்டியை விட்டுக்கொண்டு வருவான். கையில் முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி. குருவின் பட்டன் இல்லாமல் முதல் முறையாகத் தனியாகப் பறக்கப்போகிற நாள். வந்து பார்த்தால் காற்றுப்பை கிடைமட்டமாக நிற்கும். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனே பெட்டியைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, "இன்னைக்கு வேணாம் போலிருக்கே அண்ணா" என்பான்.

அன்றைக்கு அவன் விமானம் பறக்கவில்லை. ஆனால் அவன் பாஸ்.